பழைய யூனிகார்னுக்கு டைமிங் செயின் டென்ஷனர் மாற்றினேன்: பாகம் எப்படி, பட்டறை எப்படி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிலிண்டரின் இடது பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், எஞ்சின் சூடானதும் கொஞ்சம் குறைகிறது, சிக்னலில் நின்று ஐடிலில் விட்டால் மறுபடி தலைகாட்டுகிறது. உங்கள் பழைய ஹோண்டா யூனிகார்ன் பைக்கிலும் இப்படி இருந்தால் இதைப் படியுங்கள். நான் மாற்றியது டைமிங் செயின் டென்ஷனர், அதாவது எஞ்சினுக்குள் ஓடுகிற செயினைத் தொய்யாமல் பிடித்து வைக்கிற பாகம், கம்பெனி ஒரிஜினல். மாற்றிக் கொடுத்தது கோயம்புத்தூரை அடுத்த சோமனூர் பக்கம் ஒரே ஆள் நடத்துகிற ஒரு சின்னப் பட்டறை. இரண்டிலும் எனக்கு முழு திருப்தி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சத்தம் ஆரம்பித்ததும் இந்த ஒரு பாகத்தை ஒரிஜினலாக வாங்கி, அதன் தண்டை உள்ளே லாக் பண்ணி மாட்டத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

வண்டி 2007 மாடல். என் மாமா வாங்கி, நூல் கோன் பையை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு கருமத்தம்பட்டிக்கும் பல்லடத்துக்குமாக வருஷக்கணக்கில் ஓட்டி, பிறகு எனக்குக் கொடுத்தது. 2004-ல் ஹோண்டா ஹீரோவோடு சேராமல் தனியாக இங்கே விட்ட முதல் மோட்டார் சைக்கிள் இந்த யூனிகார்ன்தான், அதற்கு முன்பு அவர்கள் விற்றதெல்லாம் ஆக்டிவா, டியோ போன்ற ஸ்கூட்டர்கள். 149.1 சிசி, ஐந்து கியர், பின்னால் ஒற்றை ஷாக். இன்றைக்கும் எங்கள் பக்கம் தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய யூனிகார்ன்களை எண்ணி மாளாது. இவ்வளவு பாரம் இழுத்த வண்டியில் இத்தனை வருஷம் கழித்து டென்ஷனர் தேய்ந்தால் அது வண்டியின் குறை இல்லை. தேய்வதற்கென்றே இருக்கிற பாகம் அது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. முதலில் டவுனில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பெயர் வேண்டாம். வண்டியை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கணும், சிலிண்டர் போர் பார்க்கணும், டைமிங் கிட் மொத்தமாக மாற்றணும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்த தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கலாம். எந்தப் பாகத்திலிருந்து சத்தம் வருகிறது என்று கேட்டேன், பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். பழைய வண்டிக்காரர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து, ஒன்று பணத்தைக் கட்டுகிறார்கள், இல்லையென்றால் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத நஷ்டம்.

இந்தப் பாகம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது. கீழே பிஸ்டன் சுற்றிவிடுகிற கிராங்க், மேலே ஹெட்டுக்குள் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அப்போதுதான் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற டைமிங் செயின். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, அங்கே இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் அது உட்காருகிற துளையும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் முடியிழை அளவுகூட இருக்காது, ஆனால் அத்தனை கண்ணியையும் கூட்டினால் மில்லிமீட்டர் கணக்கில் தொய்வு வந்துவிடும். எஞ்சின் முன்பக்கமாகச் சுற்றுவதால் செயினின் முன்பாகத்தைக் கிராங்க் கீழே இழுக்கிறது, அது எப்போதும் விறைப்பாக இருக்கும். பின்பாகம் கிராங்கிலிருந்து மேலே ஏறுகிற பக்கம், தொய்வு முழுக்க அங்கேதான் சேரும். அதனால்தான் டென்ஷனர் சிலிண்டருக்குப் பின்னால், கார்ப்பரேட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதன் தண்டு ஒரு வளைந்த ரப்பர் பட்டையைத் தள்ள, அந்தப் பட்டை செயினை அழுத்திப் பிடிக்கிறது.

டென்ஷனருக்குள்ளே இருக்கிற வேலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் ஸ்பிரிங் வைத்துத் தள்ளினால் செயின் உதறுகிற ஒவ்வொரு தடவையும் தண்டு பின்னால் போய்விடும். அதனால் நேராகத் தள்ளாமல், உள்ளே இருக்கிற ஒரு மரையுள்ள தண்டை முறுக்கு ஸ்பிரிங் சுற்றிவிடுகிறது. அது சுற்றச் சுற்ற முன்னால் இருக்கிற தண்டு வெளியே வருகிறது. முன்னால் வரும், ஆனால் செயின் எவ்வளவு தள்ளினாலும் பின்னால் போகாது. லாரி ஜாக்கி மாதிரிதான், நாம் திருகினால் ஏறும், மேலே இருக்கிற பாரத்தால் அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. செயின் தேயத் தேயத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வெளியே வந்துகொண்டிருக்கும், நாம் தொடவே வேண்டியதில்லை. வருஷங்கள் போனால் ஸ்பிரிங் தளரும், மரை வழவழவென்று தேயும், ஆயிலை ஒழுங்காக மாற்றாத வண்டி என்றால் உள்ளே பிசின் மாதிரி ஒரு படிவும் சேரும். அப்புறம் தண்டு வர வேண்டிய நேரத்தில் வராது, அல்லது வந்த இடத்தில் நிற்காமல் அதிர்ந்து பின்வாங்கும். அந்தக் கரகர சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

சத்தம்தானே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விடக்கூடாது. தொய்ந்த செயின் ரப்பர் பட்டையை அடித்து அடித்துச் செதுக்கும். அந்தத் துணுக்குகள் ஆயிலோடு கீழே போய் அதை வடிகட்டுகிற ஸ்ட்ரெயினரை அடைக்கும், ஆயில் ஓட்டம் குறையும், மேலே கேமுக்கு எண்ணெய் போகாது. இன்னும் மோசமானது செயின் சக்கரத்தில் பல் தாவுவது. கேம் சக்கரத்தில் 32 பல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பல் தாவினால் கேமில் 11¼ டிகிரி, கிராங்க் கணக்கில் 22½ டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும், இழுவை போய்விடும். இன்னும் ஒன்றிரண்டு பல் தாவினால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு திறந்தே இருந்து இரண்டும் மோதிக்கொள்ளும் நிலை வரலாம். சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியல் அப்போது நிஜமாகவே தேவைப்படும்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். சுற்றிலும் தறிக்குடோன், பகல் முழுக்கத் தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே சரியாகக் கேட்காது. அந்த இடத்தில் ஒருத்தர் எஞ்சின் சத்தம் கேட்டுப் பழுது சொல்கிறார் என்றால் எனக்கே முதலில் நம்பிக்கை இல்லை. அவர் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டார். வெளியில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உள்ளே நடப்பது எலும்பு வழியாக நேரே கேட்கும். முதலில் ஹெட் மூடி, அடுத்து சிலிண்டர் இடது பக்கம், பிறகு டென்ஷனர் இருக்கிற இடம், கடைசியாக மேக்னட் கவர் என்று வரிசையாக வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். வால்வைத் தட்டுகிற டேப்பெட்டின் சத்தம் என்றால் ஹெட்டில் டிக் டிக் என்று ஒரே தாளமாக வரும், ஆக்சிலேட்டரைக் கூட்டினால் தாளமும் சேர்ந்து கூடும். இது அப்படி இல்லை, தாளமே இல்லாமல் உரசலும் உதறலுமாக, சிலிண்டரின் நடுப்பகுதிக்குப் பின்னால் பலமாக இருந்தது. முறுக்கிவிட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, ஹெட்டுல ஒண்ணுமில்லீங்க. டென்ஷனர்தான் புடிக்க மாட்டேங்குது. எஞ்சினைப் பிரிக்கறதுக்கு இதுல வேலையே இல்லைங்க" என்றார்.

"எப்படிங்ண்ணா அவ்ளோ உறுதியாச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. டென்ஷனரின் பின்பக்கம் நடுவில் ஒரு சின்ன மூடித்திருகு இருக்கிறது, அதைக் கழற்றினார். எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு இடது பக்கமாக, அதாவது தண்டு வெளியே வருகிற பக்கமாக, மிக மெதுவாக ஒரு நெருடு கொடுத்தார். சத்தம் அப்படியே அடங்கியது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல், எதையும் பிரிக்காமல், குற்றவாளி யார் என்று என் கண் முன்னால் காட்டிவிட்டார். இந்த விமர்சனத்தில் நான் அவருக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இதற்குத்தான். ஒன்று மட்டும் கவனம், இந்தச் சோதனையை வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது வலது பக்கம் திருகிவிட்டால் தண்டு உள்ளே போய் செயின் முழுக்கத் தொய்ந்துவிடும், பல் தாவுவதற்கு அது போதும்.

பாகத்தை நீங்களே வாங்கி வாருங்கள் என்று அவர் சொன்னதால் கோயம்புத்தூர் போய் ஸ்பேர் கடைகளில் விசாரித்தேன். இங்கேதான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. கடையில் டென்ஷனர் என்று கேட்டால் மூன்று தரம் எடுத்து வைப்பார்கள். கம்பெனி ஒரிஜினல் ஒன்று, வேறு பெயரில் வருகிற லோக்கல் ஒன்று, ஒரிஜினல் மாதிரியே உறை போட்ட டூப்ளிகேட் ஒன்று. மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதற்கும் ஏறக்குறைய ஒரிஜினல் விலையே கேட்பார்கள். நான் வாங்கியபோது ஒரிஜினல் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. விலை மாறிக்கொண்டே இருக்கும், உறையில் அச்சடித்த எம்.ஆர்.பி. என்னவோ அதைப் பாருங்கள். லோக்கல் அதில் பாதிகூட இல்லை. அந்த வித்தியாசத்தைப் பார்த்து மனசு மாறிவிடாதீர்கள்.

கவுண்டரிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். தண்டு வெளியே வந்த நிலையில் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள், ஒரு நூல் அளவுகூட உள்ளே போகக்கூடாது. பின்பக்கம் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் விட்டு வலது பக்கம் திருகுங்கள், தண்டு ஒரே சீராக உள்ளே போக வேண்டும், எங்கேயும் கடிக்கக்கூடாது. விட்டதும் ஒரே மூச்சில் வெளியே வர வேண்டும். பிறகு தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒரு கடையில் எடுத்துக் கொடுத்த மலிவான ஒன்றில் தண்டு லொடலொடவென்று ஆடியது, திருகி விட்டால் பாதி தூரம் வந்து நின்று, தட்டினால் மீதி வந்தது. புதுசே இப்படி என்றால் சூடான ஆயிலில் கிடந்து அதிர்கிற இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? ஒரிஜினலில் பக்கவாட்டு ஆட்டம் கைக்குத் தெரியவில்லை, மரை ஓட்டம் வெண்ணெய் போல இருந்தது, சிலிண்டரில் உட்காருகிற முகம் சுத்தமாக மட்டமாகக் கடைந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நல்ல மெஷினிங் எது, அவசர மெஷினிங் எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை, கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

குறை என்று சொன்னால், நான் வாங்கிய உறையில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற பேக்கிங் இல்லை. டென்ஷனருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வருகிற அந்தப் பேக்கிங்கையும் மூடித்திருகின் ஓ-ரிங்கையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சில்லறைக் காசுதான், ஆனால் மறந்தால் அதற்காகவே இன்னொரு தடவை டவுனுக்கு அலைய வேண்டும். இத்தனை நுட்பமான பாகத்தோடு எப்படி மாட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. யூனிகார்ன் என்ற பெயரில் பின்னால் வந்த மாடல்கள் வேறு இருக்கின்றன, அதனால் வண்டியின் வருஷத்தைச் சொல்லி, முடிந்தால் ஆர்.சி.யையும் காட்டி வாங்குங்கள்.

மாட்டுகிற வேலை பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் கெட்டுப்போவதும் இந்த இடம்தான். எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் அவர் கை வைத்தார். டென்ஷனரைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ் போட்டுக் கழுவினார், ஏனென்றால் கழற்றியதும் திறக்கிற துளை நேரே எஞ்சினுக்குள் போகிறது. கார்ப்பரேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார். இடது பக்கக் கவரில் இருக்கிற இரண்டு மூடிகளைத் திறந்து கிராங்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுகிற, மேக்னட்டில் இருக்கிற டி குறியைக் கவரில் இருக்கிற வெட்டுக்கு நேராக, காற்றும் பெட்ரோலும் அமுங்குகிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் நிறுத்தினார். இந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், கேம் தானாகத் திரும்பப் பார்க்காது. டென்ஷனரைக் கழற்றினால் செயினைப் பிடிக்க ஆளில்லை, அதன் பிறகு புதுசை மாட்டும் வரைக்கும் கிராங்கைத் தொடவே கூடாது. கியர் போட்டு வண்டியைத் தள்ளுவதும் கிராங்கைச் சுற்றுவதுதான் என்பதால் நடு ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் வைத்திருந்தார்.

பழையதைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் பார்த்தது தண்டு எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பதை. இந்தப் பார்வையை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். தண்டு ஏறக்குறைய கடைசி வரைக்கும் வந்துவிட்டது என்றால் செயினே தேய்ந்துபோய்விட்டது, புது டென்ஷனர் போட்டாலும் பிடிக்க இடம் இருக்காது. அப்போது செயின், அதன் முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு பட்டைகள், சக்கரங்கள் எல்லாம் சேர்த்து டைமிங் கிட்டாகத்தான் மாற்ற வேண்டும், அதற்கு ஹெட் இறங்கத்தான் செய்யும். என் வண்டியில் பாதியைத் தாண்டி வந்திருந்தது, இன்னும் போக வழி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார், லேசாக உள்ளே போனது. அதற்கு மேல் சாட்சி எதுவும் வேண்டியதில்லை. துளை வழியாக டார்ச் அடித்து ரப்பர் பட்டையையும் பார்த்தார், செயின் பதிந்த கோடு இருந்தது, பிய்ந்து போகவில்லை.

புதுசை மாட்டுவதற்கு முன்பு தண்டை முழுக்க உள்ளே இழுத்து, அந்த நிலையிலேயே பிடித்து வைக்க ஒரு சின்னத் தகட்டுச் சாவியைப் பின்பக்கம் செருகினார். தகட்டை வெட்டி அரம் போட்டு அவரே செய்து வைத்தது. இதுதான் நான் சொன்ன லாக். நிறையப் பேர் இதைச் செய்யாமல் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு போல்ட்டையும் இறுக்கி இறுக்கி டென்ஷனரை உள்ளே தள்ளுகிறார்கள். தண்டு பின்னால் போகாது என்று மேலேயே சொன்னேன். போல்ட் இறுக இறுக அத்தனை பலமும் செயின் மேலும் பட்டை மேலும் ஏறும். ஒன்று டென்ஷனரில் போல்ட் இறங்குகிற காது உடையும், இல்லையென்றால் செயின் கம்பி மாதிரி விறைத்து ஓடி, மாற்றின கொஞ்ச நாளிலேயே பட்டையைத் தின்றுவிடும். புது டென்ஷனர் போட்டும் ஊளைச் சத்தம் வருகிறது, ஒரிஜினலே சரியில்லை என்று சிலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எப்படி மாட்டினார்கள் என்று அவர்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

லாக்கோடு உட்கார வைத்து, புதுப் பேக்கிங் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கையளவில் இறுக்கினார். ஆறு எம்.எம். போல்ட், அலுமினியத்தில் இறங்குகிறது, பலம் காட்டினால் மரை போய்விடும். பிறகு தகட்டுச் சாவியை உருவினார். உள்ளே சர்ரென்று தண்டு போய்ப் பட்டையில் உட்கார்ந்தது காதில் விழுந்தது. புது ஓ-ரிங்கோடு மூடித்திருகு. உடனே செல்ஃப் அடிக்கவில்லை. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டி குறி மறுபடி சரியாக வந்து நிற்கிறதா, நடுவில் எங்கேயாவது தட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிக்கரை உதைத்தார். பழைய ஆயிலையும் அன்றைக்கே மாற்றச் சொன்னார், மாற்றினோம். இந்தப் பாகம் முழுக்க ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கிறது, ஆயில் கறுத்துத் தண்ணியாகிவிட்டால் புது டென்ஷனருக்கும் அதே கதி வரும்.

ஒரு மாற்று யோசனையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கணபதி பக்கம் லேத் வைத்திருக்கிற நண்பர் ஒருத்தர், இதற்கெல்லாம் எதற்கு ஸ்பிரிங், நானே ஒரு போல்ட் டைப் கடைந்து தருகிறேன், லூசானால் நீயே இறுக்கிக்கொள் என்றார். கடைசல் வேலையில் அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் அந்த மாதிரி போடுவதும் உண்டு, ஏனென்றால் அடிக்கடி எஞ்சினைத் திறந்து பார்க்கிறவர்கள் அவர்கள். தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகும்போது சிலிண்டர் உயரம் கூடுகிறது, செயின் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, அதனால் ஆறின எஞ்சினில் சரியாக வைத்த இறுக்கம் சூட்டில் அதிகமாகிவிடும். லூசாக வைத்தால் காலையில் சத்தம், இறுக்கமாக வைத்தால் மதியம் பட்டை தேயும். அதற்கு நடுவில் இருக்கிற அளவைக் காதால் கண்டுபிடித்து, அதை மாதாமாதம் காப்பாற்றுவது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. தானாகச் செய்கிற பாகம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

விளைவு எப்படி? ஐடிலில் அந்த உதறல் முழுக்கப் போய்விட்டது. முன்பு வண்டி நிற்கும்போது ஹேண்டிலில் வந்த ஒரு அதிர்வும் இல்லை. அவினாசி ரோட்டில் ஓட்டும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை, வேகத்தில் காற்றும் டயர் சத்தமும் சேர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. நிஜமான சோதனை வால்பாறை ரோடு. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது இரண்டாவது கியரில் இழுவை, இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சின் பிரேக்கிலேயே வர வேண்டும். தொய்ந்த செயின் கத்துவது இந்த இறக்கத்தில்தான், மாற்றுவதற்கு முன்பு இறங்கும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவரே என்ன சத்தம் என்று கேட்கும் அளவுக்கு இருந்தது. மாற்றிய பிறகு அதே இறக்கத்தில் எஞ்சின் அமைதியாக இருக்கிறது. குளிர் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கணம் லேசாகத் தட்டிவிட்டு அடங்குகிறது. செயின் பழசு, அது அப்படித்தான் இருக்கும் என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதனால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. மைலேஜ் கூடியது, பிக்கப் கூடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், செயின் பல் தாவாமல் இருந்த வண்டியில் அதெல்லாம் கூட வேண்டிய காரணமும் இல்லை.

மற்ற வண்டிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ப்ளெண்டர் மாதிரி படுத்த நிலையில் இருக்கிற 97.2 சிசி எஞ்சினில் அமைப்பே வேறு, அங்கே கீழிருந்து ஸ்பிரிங்கும் ஒரு தண்டும் தள்ளி, உருளையால் செயினைப் பிடிக்கிற ஏற்பாடு. அதில் உருளை ரப்பரும் தண்டின் நுனியும் தேய்வதைப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, டூ ஸ்ட்ரோக்கில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. பழைய புல்லட்டிலும் டைமிங் செயின் இல்லை, பல்சக்கரமும் புஷ்ராடும்தான், அங்கே சத்தம் வந்தால் தேட வேண்டிய இடம் வேறு.

பட்டறையைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். கூலி நியாயம், பாகத்தின் விலையைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். கழற்றிய பழைய டென்ஷனரைத் துடைத்துக் கையில் கொடுத்தார், கேட்காமலே. எது எதற்குக் கழற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார். குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கிடையாது, ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஸ்பேர் எதுவும் கையிருப்பில் வைப்பதில்லை. அமாவாசை அன்றைக்குப் பட்டறை திறக்காது. ஒரே ஆள் என்பதால் முன்னால் இரண்டு வண்டி நின்றால் நம் முறை வரச் சாயந்திரம் ஆகிவிடும், அவசரப்படுத்தினாலும் பயனில்லை. "சித்தே இருங்க தம்பி, கையில இருக்கறத முடிச்சுட்டு வந்தர்றேன்" என்பார், முடித்துவிட்டுத்தான் வருவார். என் வண்டிக்கும் அதே மாதிரி யாரும் குறுக்கே வராமல் முழு நேரமும் கொடுத்ததால் இதை நான் குறையாக எண்ணவில்லை.

பாகத்துக்கு ஐந்துக்கு நாலரை, பேக்கிங் சேர்த்துத் தராததற்கு அரை குறைத்தேன். பட்டறைக்கு ஐந்துக்கு ஐந்து. உங்கள் ஊரில் வேறு மெக்கானிக்கிடம் போவதென்றால் வண்டியைக் கொடுப்பதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாட்டும்போது தண்டை எப்படி உள்ளே பிடித்து வைப்பீர்கள்? தகட்டையோ ஸ்க்ரூடிரைவரையோ காட்டினால் சாவியைக் கொடுங்கள். போல்ட்டை இறுக்கினால் தானே உள்ளே போகும் என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.